கஸ்பாரின் ஓங்கில்கள்

நெற்றிக்கு மேலே இருக்கிற அந்தத் துளைக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் இப்போது என் வேலை, அலை வரும்போது உள்ளங்கையைக் குவித்துக் குடை மாதிரி பிடிக்க வேண்டும், அலை போனதும் கையை எடுத்துவிட வேண்டும், எடுக்க மறந்தால் பாவம் அது எப்படி மூச்சு விடும், மறக்க மாட்டேன், வாழ்நாள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்த கை இது, மறக்காது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள் இப்படி இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு உட்காருவேன் என்று யார் கண்டது. காலையில் இன்னாசி வந்து கதவைத் தட்டியபோது தெருவில் யாருக்கோ நெஞ்சு வலி என்றுதான் நினைத்தேன். "நர்சக்கா, சீக்கிரம் வாங்க, ரொம்ப மூச்சு வாங்குது" என்றான். "யாருக்குல?" என்றால் தலையைச் சொறிகிறான். "ஓங்கிலுக்கு அக்கா. கரையில வந்து கிடக்கு." டி.வி.யில் டால்பின் என்கிறார்கள், எங்கள் கரையில் அது ஓங்கில்தான். "எலேய், நான் மனுசருக்குப் பாக்கிற நர்சு, அதுவும் ரிட்டையர் ஆனவ" என்றேன். "இந்த நேரத்துக்கு நான் வேற யாரக் கூப்பிடுவேன், சொல்லுங்க" என்று அவன் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினேன். முதுகு காயாமல் போர்த்த ஏதாவது துணி வேண்டும் என்றான், கொடியில் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு வந்தேன், இங்கே வந்து நனைத்து விரித்த பிறகுதான் பார்த்தேன், என் வீட்டுக்காரர் கஸ்பாரின் சாரம், அவர் கட்டின லுங்கி. நீலக் கட்டம் போட்டது. அவர் போன பிறகும் அதை வாரத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயப் போடுகிறேன், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. இருக்கட்டும். அலை வருகிறது, கை.

போய்விட்டது. எடு. ஃப்பூ என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி, உடனே ஒரு இழுப்பு, உடனே துளை மூடிக்கொள்கிறது. ஒரு கணம்தான். அதற்குள் அவ்வளவு பெரிய உடம்புக்கான காற்று முழுக்க உள்ளே போய்விடுகிறது, ஆச்சரியம்தான். இன்னாசியும் இன்னும் இரண்டு பேரும் விடிந்ததும் ஒரு தடவை இதை ஆழத்துக்குத் தள்ளி விட்டிருக்கிறார்கள், அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இதே இடத்துக்கு வந்து மணலில் மோதிப் படுத்துக்கொண்டதாம். மற்றவர்கள் எல்லாம் தொழிலுக்குப் போய்விட்டார்கள், இவன் எஞ்சின் ரிப்பேர் என்று நின்றவன். வனத்துறைக்குப் போன் போட்டிருக்கிறான், தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும், அந்த மேடம் போனிலேயே எனக்குச் சொன்னார், சின்ன வயசுக் குரல், ஆனால் நிதானமான குரல். "மறுபடி தள்ளாதீங்கம்மா, களைச்சுப் போயிருக்கும். சாயாம நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க. முதுகு காயக் கூடாது, துளையில தண்ணியோ மணலோ போகக் கூடாது. கூட்டம் சேர விடாதீங்க, யாரும் கத்த வேண்டாம். நாங்க வந்துட்டே இருக்கோம்." அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒன்று சொன்னார். "நமக்கு மாதிரி அதுக்குத் தானா மூச்சு வராதும்மா. ஒவ்வொரு மூச்சையும் அதுவா நெனச்சுத்தான் விடணும். ரொம்பப் பயந்துட்டா, இல்ல மயங்கிட்டா, நெனைக்கிறத விட்டுடும். அதனால பக்கத்துல ஆள் இருந்துக்கிட்டே இருங்க." நானும் சரி மேடம், சரி மேடம் என்று சொல்லிப் போனை இன்னாசியிடம் கொடுத்துவிட்டேன். அப்போதிலிருந்து அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. நினைத்து நினைத்து விட வேண்டும். போன வருஷம் இதே வார்த்தையை எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொன்னார். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்தபடி. "முந்தியெல்லாம் மூச்சுனு ஒண்ணு இருக்கதே தெரியாது மெற்றி. இப்ப ஒவ்வொண்ணையும் நெனச்சு நெனச்சு வாங்க வேண்டியிருக்கு. நெனைக்க மறந்தா அவ்வளவுதான் போல." நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "நீங்க மறந்தா நான் ஞாபகப்படுத்துதேன், வாங்குங்க, ம், விடுங்க" என்றேன், அவர் சிரித்தார், சிரிப்புக்கு மூச்சு போதாமல் இருமினார். இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, வாய்விட்டு. "வாங்கு, ம், விடு." இன்னாசி வாளியோடு நின்று என்னைப் பார்க்கிறான். "நீ தண்ணிய ஊத்துல, என்ன பாக்க" என்றேன்.

இவ்வளவு பக்கத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை. ஓங்கிலால் கிடைத்த புருஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு ஒரு ஓங்கிலைக்கூடச் சரியாகப் பார்க்காதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோல் நாம் நினைக்கிற மாதிரி மீன் தோல் இல்லை, செதில் இல்லை, அவித்து உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, அழுத்தினால் உள்ளே சதை திண்ணென்று இருக்கிறது, கை வைத்த இடத்தில் ஒரு சூடு, இதற்குள்ளே ஓடுவது நம் ரத்தம் மாதிரி சூடான ரத்தம். கண் சின்னதாக, ஓரத்தில் கெட்டியாக ஏதோ வடிகிறது, அந்தக் கண் என்னைத்தான் பார்க்கிறது, கொஞ்சம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. பயப்படாதே. நான் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தூத்துக்குடி டவுனில் பிறந்தவள், கடலை ரோச் பூங்காவில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே பார்த்தவள், இந்த ஊருக்குப் போஸ்டிங் என்றதும் அழுதேன். அப்படி ஒரு மத்தியானம் நாலு பேர் ஒரு ஆளைத் துடுப்பில் கட்டின பாயில் தூக்கி வந்தார்கள். வள்ளம் கவிழ்ந்து கடலில் கிடந்த ஆள். கூடப்போன இரண்டு பேரை வேறு வள்ளக்காரர்கள் முதல் நாளே தூக்கிவிட்டார்கள், இவர் மட்டும் ஒரு பலகையைப் பிடித்தபடி நீரோட்டத்தில் எங்கேயோ போய்விட்டார். உப்பும் வெயிலும் ஏறி இரண்டு கண்ணும் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி மூடிக் கிடந்தன. உதடு வெடித்திருந்தது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார், நான் உப்புத்தண்ணீரில், நர்ஸ்கள் அதைச் சலைன் என்போம், நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்தேன், அவர், "இன்னும் உப்புத்தண்ணியா தாயே" என்று முனகினார், அந்த நிலைமையிலும். அவர் கண்ணைச் சுத்தம் செய்து செய்து, மறுநாள் மத்தியானம் அந்தக் கண் முதல் தடவை ஒரு கீற்றாகத் திறந்தபோது எதிரே நான் நின்றேன். அதை அவர் சாகிறவரைக்கும் விடவில்லை. "கண்ணு தெரியாம கிடந்தேன், என் மாப்ளமாரு என்னையக் கொண்டாந்து சரியா ஒரு ஆளு முன்னால விட்டானுவ" என்பார். மாப்ளமாரு என்றால் ஓங்கில்கள்.

அந்தக் கதை. எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை ஞானஸ்நான விருந்தில் கேட்டிருக்கிறேன், அவர் ஆரம்பிக்கும்போதே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், அங்கேயும் கேட்கும், குரல் அப்படி. கண் வீங்கி மூடின பிறகு பகலா இரவா என்றுகூடத் தெரியவில்லையாம், கையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்ததாம், அப்போது பக்கத்தில் ஃப்பூ என்று யாரோ பெருமூச்சு விட்டார்களாம். யாரு, யாரு அது, என்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் ஒரு ஃப்பூ. அந்தப் பக்கம் ஒன்று. முகத்தில் சூடாகக் காற்று அடித்ததாம், அந்தச் சத்தத்துப் பக்கமே காலை உதைத்து உதைத்துத்தான் கரை சேர்ந்தாராம். "மூச்ச வச்சுத்தான் எண்ணினேன், மூணு பேரு" என்றார் கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் சொல்லும்போது. எங்கள் மூத்தவள் ஞானஸ்நானத்தில் அது அஞ்சு ஆகியிருந்தது. கோயில் திருவிழாவுக்கு வந்த சாமியாரிடம் சொல்லும்போது எட்டு. "இன்னும் ரெண்டக் கூட்டிக்கோங்க, சாமியாருக்கு முன்னால கஞ்சத்தனம் எதுக்கு" என்று நான் அடுப்படியிலிருந்து சொல்ல, சாமியார் சிரிக்க, அவருக்கு அன்றைக்கு முழுக்க முகம் தூக்கல். நான் நம்பவில்லை என்று இல்லை, நம்பினேன் என்றும் இல்லை. தாகத்திலும் வெயிலிலும் மூளை குழம்பினால் ஆளுக்கு என்னென்னவோ கேட்கும், வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், செத்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள் என்பார்கள். நர்ஸ் புத்தி. கல்யாணமான மாதமே என்னை நம்ப வைத்துவிட வேண்டும் என்று அவர் வள்ளத்தில் கூட்டிப்போனார். மஞ்சள் பூப் போட்ட சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, பலகையில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். அலை தாண்டியதுதான் தெரியும், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தலையைத் தொங்கப் போட்டவள்தான். அவர் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே, "அந்தா! அந்தா துள்ளுது பாரு! ஐயோ, தலையத் தூக்கேன், மெற்றி, ஒரு நிமிசம் தூக்கேன்!" என்று கத்துகிறார், நான் தூக்கவே இல்லை. தண்ணீரும் என் வாந்தியும்தான் தெரிந்தன. கரைக்கு வந்ததும், "பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் வேறென்ன சொல்லத் தோன்றும். பொய் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம், பிச்சிப்பூ பாதி கடலில் போய்விட்டிருந்தது.

கை. அலை. கொஞ்சம் பெரிய அலை, என் வாய்க்குள்ளும் போய்விட்டது, துப்பு. துளை தப்பித்தது. முகத்தைத் துடைக்கக் குனிந்தேன், அந்த நேரம் பார்த்து அது மூச்சை விட்டது, நேராக என் முகத்தில், சூடாக, ஈரமாக. நாற்றம். மீன் நாற்றம் இல்லை, அழுகல் இல்லை, கருவாடு இல்லை, ஏதோ பழைய எண்ணெயும் பச்சை முட்டைக்கோசும் கலந்த மாதிரி, உள்ளே ரொம்ப ஆழத்திலிருந்து வருகிற ஒரு வாடை, இது எனக்குத் தெரியும். எங்கே? இதுவரை ஓங்கில் பக்கமே போகாதவளுக்கு எப்படித் தெரியும்? கை மட்டும் துளைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டிருக்கிறது, மனசு ஒவ்வொரு வார்டாக, ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தேடுகிறது, சீழா, இல்லை, மருந்தா, இல்லை, பினாயில் இல்லை, பிரசவ அறை இல்லை. அந்த மத்தியானம். பாயில் கொண்டுவந்து போட்ட ஆள். சட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தேன், தலைமுடியிலும் கழுத்திலும் இந்த வாடைதான், ஆயாம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சிஸ்டர் இப்பிடி நாறுதான், கடல்ல கிடந்தா மீன்தான நாறணும்" என்றாள். டெட்டால் போட்டு இரண்டு தடவை துடைத்தேன். என்ன வாடை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, ஏதோ செத்ததின் மேல் கிடந்திருப்பார் என்று நினைத்து மறந்தே போனேன். செத்தது இல்லை. இது. இந்த மூச்சு அவர் முகத்தில், முடியில், அவ்வளவு பக்கத்தில், வாடை ஒட்டிக்கொள்கிற அளவுக்கு எவ்வளவு நேரம் விட்டிருந்தால்! நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜமா? மூணோ, எட்டோ, எத்தனையோ இருந்துவிட்டுப் போகட்டும். கண் தெரியாத ஒரு ஆளைச் சுற்றி நின்று மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டே இருந்தீர்களா, பிள்ளைகளே? இதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை. அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "ஆமா, நிஜம், நானே மோந்து பாத்தேன்" என்று சாமியார் முன்னால் சொன்னால் அவர் எப்படிப் பூரித்துப்போவார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பத்து என்று சொல்லுவார், சொல்லட்டுமே.

என்ன, சத்தத்தையே காணோம். கடைசியாக எப்போது விட்டது? முகத்தில் விட்டதே, அதுதானா? அதற்குப் பிறகு எத்தனை அலை வந்தது, நான் எங்கேயோ போய்விட்டேன், கை இங்கே, மனசு எங்கேயோ. துளை மூடியே இருக்கிறது. கண்? பாதி மூடியிருக்கிறது. "இன்னாசி, அசையலயேல." அவன் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாலைப் பிடிக்கப் போனான், "வாலத் தொடாத!" என்று கத்தினேன், கத்தக் கூடாது என்று மேடம் சொன்னார், கத்திவிட்டேன். துடுப்புக்குப் பின்னால் நெஞ்சுப் பக்கம் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கிறேன், அலை அடிப்பதா, இதயம் அடிப்பதா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. நினைக்க மறந்துவிட்டது. நினைக்க மறந்துவிட்டது, அவர் சொன்ன மாதிரி. அந்தக் காலையில் அவர் என் தோளில்தான் சாய்ந்திருந்தார், வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள், "சீலா போவுது மெற்றி" என்றார், மீன் பெயரைத்தான் கடைசியாகச் சொன்னார், அப்புறம் ஒரு மூச்சு வாங்கினார், அடுத்ததை நான் காத்துக்கொண்டே இருந்தேன், வாங்குங்க, ம், வாங்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அது வரவே இல்லை, அவ்வளவு எளிதாக, நினைப்பதை நிறுத்தியது மாதிரி. இது வேண்டாம். இன்னொரு தடவை என்னால் முடியாது. "ஏ புள்ள" என்று அதன் தலையில் தட்டினேன். "இங்க பாரு. இங்க என்னையப் பாரு. உங்க ஆளுக கூடவே நின்னு மூச்சு விட்டுக் காட்டினாங்கல்லா, எங்க வீட்டுக்காரருக்கு. நானும் காட்டுதேன், பாரு." அப்புறம் நான் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதன் முகத்தோடு முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஃப்பூ என்று விட்டேன். மறுபடி இழுத்தேன், ஃப்பூ. இன்னாசி சிரிக்கவில்லை. மூன்றாவதோ நாலாவதோ, எனக்கே தலை சுற்றியது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது, அப்போது கைக்குக் கீழே அந்த உடம்பு முழுக்க ஒரு குலுக்கல், துளை திறந்தது. ஃப்பூ. இன்னாசி, "மாதாவே" என்று தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வெயில் ஏறியபோது அவர்கள் வந்தார்கள், போனில் பேசின மேடமும் ஒரு கால்நடை டாக்டரும் காக்கி உடுப்பில் சில பேரும். டாக்டர் தொட்டுப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார், பெரிய காயம் இல்லை, பொட்டை, இனி நீந்துகிற தெம்பு இருக்கிறது, அலைக்கு வெளியே கொண்டு விட்டுவிடலாம் என்றார். கரைக்குத் திரும்பியிருந்த ஆட்களும் சேர்ந்து தார்ப்பாயில் தூக்கி, பைபர் வள்ளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள்ளேயே தொட்டில் மாதிரி கட்டினார்கள். தலைமாட்டில் துளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்களே வாங்கம்மா" என்றார் மேடம், "உங்க கை அதுக்குப் பழகிடுச்சு." ஏறிவிட்டேன். அடுத்த ஊர்க்காரனிடம் எஞ்சின் வாங்கி மாட்டி இன்னாசி மெதுவாக ஓட்டினான், நான் ஓரத்தில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் தண்ணீரில் விட்டிருந்தேன், அலை தாண்டும்போது வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டேன், இந்தத் தடவை தலையைத் தொங்கப் போடுகிற வேலை இல்லை. வெளியே தண்ணீர் பச்சையிலிருந்து நீலமானது. கைக்குள் அந்த உடம்பு இறுகியது. விசில் மாதிரி ஒரு சத்தம், மெல்லிசாக, விட்டு விட்டு, அதனிடமிருந்துதான். "இன்னாசி, எஞ்சின நிறுத்து" என்றார் மேடம். நிறுத்தியதும் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் தண்ணீர் மின்னிக் கண் கூசியது. பிறகு தெரிந்தது, வலப்பக்கம் ஒரு கருத்த முதுகு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால், குட்டியோடு ஒன்று. எங்கும் போகவில்லை, சுற்றிக்கொண்டு நின்றன. "விடிஞ்சதுல இருந்து இங்கதான் நின்னிருக்கும் போலக்கா" என்றான் இன்னாசி. "கரைக்குக் கிட்ட வரப் பயந்துக்கிட்டு, விட்டுட்டுப் போகவும் மனசு வராம." டாக்டர் ஒரு கயிற்றை அவிழ்த்தார், மேடம் மறு கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாய் கீழே சரிந்தது. அது உடனே போய்விடவில்லை, என் கையை ஒட்டியே ஒரு கணம் கிடந்தது. எங்கள் ஊரில் யாரையும் போ என்று சொல்லி அனுப்ப மாட்டோம், போயிட்டு வா என்போம், ஆஸ்பத்திரியில் மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது, குணமாகிப் போகிற ஆளிடம் இந்தப் பக்கம் திரும்பி வந்துராதீங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லித்தான் அனுப்புவோம், எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். "போ புள்ள" என்றேன். "இந்தப் பக்கம் வந்துராத." கைக்குக் கீழே ஒரு உந்தல், வழவழப்பு நழுவியது, அப்புறம் வெறும் தண்ணீர்.

அவை எல்லாம் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றின, எது நம்முடையது என்று அடையாளம் தெரியவில்லை, தெரியாததே நல்லது. தெற்கே பார்த்துப் போயின. கொஞ்ச தூரத்தில் ஒன்று துள்ளியது, முழு உடம்பும் வெளியே, வெயிலில் மின்னி, விழுந்தது. பார்த்தேன். எண்ணிப் பார்க்கவும் செய்தேன், ஏழு என்று இருந்தது, யாராவது கேட்டால் ஒன்பது என்று சொல்லப்போகிறேன். இன்னாசி எஞ்சினைத் தொட்டான், "கொஞ்சம் இருல" என்றேன், இருந்தான். மேடம் தன் துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் போர்த்தினார், நான் நடுங்குகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் வெறுமையாகிவிட்டது. வள்ளம் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ஏதோ செய்தது, வாந்திதான் என்று முதலில் நினைத்தேன், இல்லை, வேறு, ரொம்ப நாளாக மறந்துபோன ஒன்று. கஸ்பாரை அடக்கம் செய்த பிறகு இன்னாசி பெண்டாட்டி அமலி தினமும் தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்துவிடுகிறாள், நான் ஒரு வாய் பேருக்குத் தின்றுவிட்டுப் பாதிக்கு மேல் அப்படியே திருப்பி அனுப்புவேன், அவளும் ஒன்றும் கேட்பதில்லை. "இன்னாசி" என்றேன். "என்னக்கா?" "வீட்ல இன்னைக்கு அமலி என்ன குழம்பு வச்சிருக்கா?" அவன் திரும்பி என்னைப் பார்த்தான், கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை இழுத்தான். "சாளைக் குழம்புக்கா" என்றான், எஞ்சின் சத்தத்துக்கு மேலே, தேவைக்கு அதிகமாகவே சத்தமாக. "நிறைய வச்சிருக்கா."